கசாபை உயிரோடு பிடித்ததால் என்ன கிடைத்தது? மும்பைத் தாக்குதலும் நடக்காத போரும்

2008 நவம்பர் 26 இரவு மும்பைக் கரையில் இறங்கிய பத்துப் பேரில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவன் மட்டும் உயிரோடு சிக்கினான். அவன் சிக்கிய விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

நள்ளிரவு தாண்டிய நேரம். கிர்காவ் சௌபாத்தி கடற்கரைச் சாலையில் போலீசார் தடுப்பு போட்டு நிற்கிறார்கள். வழியில் பறித்த ஸ்கோடா கார் ஒன்று தடுப்பருகே வந்து நிற்கிறது. ஓட்டிவந்தவன் துப்பாக்கிச் சண்டையில் சாய்கிறான். பக்கத்து இருக்கையில் இருந்த அஜ்மல் கசாப் ஏகே-47ஐத் தூக்குகிறான். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே முன்னே பாய்ந்து அந்தத் துப்பாக்கியின் குழலைக் கையால் பிடித்துக்கொள்கிறார். அவரிடம் ஆயுதம் என்று இருந்தது ஒரு லத்திதான். குண்டுகள் அவர் உடம்பில் பாய்கின்றன. பிடியை அவர் விடவில்லை. அதற்குள் மற்றவர்கள் கசாபை அமுக்கிவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர் கண்ணெதிரே சாகும்போது, பிடிபட்டவனை அங்கேயே அடித்துக் கொல்லத்தான் யாருக்கும் தோன்றும். உயிரோடு வேண்டும், இவன்தான் சாட்சி என்று உடனிருந்த அதிகாரி தடுத்தார்.

அந்தச் சில நொடிகளில் கட்டுப்படுத்திக்கொண்ட ஆத்திரத்தால் நாட்டுக்குக் கிடைத்தவை பல. தாக்குதல் எங்கே திட்டமிடப்பட்டது, யார் பயிற்சி தந்தார்கள், எந்தப் படகில் வந்தார்கள் என்று சொல்ல ஒரு வாய் இருந்தது. “எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அந்நாட்டுப் பத்திரிகையாளர்களே பஞ்சாப் மாகாணத்தின் ஃபரித்கோட் கிராமத்துக்குப் போய் கசாபின் தந்தையைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 2009 ஜனவரி 7 அன்று அவன் பாகிஸ்தான் குடிமகன்தான் என்று அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மஹ்மூத் அலி துரானி ஒப்புக்கொண்டார். அன்றே அவர் பதவி பறிபோனது. நவம்பர் கடைசியிலேயே இந்திய விமானங்கள் எல்லை தாண்டியிருந்தால் எந்தப் பாகிஸ்தான் நிருபர் அந்தக் கிராமத்துக்குப் போயிருப்பார்? போனாலும் எந்த ஆசிரியர் அதை அச்சிட்டிருப்பார்?

தாக்குதல் நடந்த கையோடு “நிதானமாக இருப்போம்” என்று ஒருவர் சொன்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்கிறார் என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். செத்தவர்கள்மீது இரக்கமில்லாதவர் என்றுகூட ஏசுகிறார்கள். 2008-க்குப் பிந்தைய மாதங்களைத் தேதி தேதியாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். போருக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் அதிக வேலை தேவைப்பட்டது. அந்த வேலைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை, எது தவறாகப் போனது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதல் மூன்று நாட்கள்

சிஎஸ்டி ரயில் நிலையம், லியோபோல்ட் கஃபே, காமா மருத்துவமனை, தாஜ், ஓபராய்-ட்ரைடென்ட் ஓட்டல்கள், யூதர் மையமான நாரிமன் இல்லம் என்று பரவிய தாக்குதல் 29-ஆம் தேதி காலைதான் ஓய்ந்தது. 166 பேர் இறந்தார்கள். 300-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கறுப்புப் பூனைப் படை அரியானாவின் மானேசரில் இருந்ததால் மறுநாள் காலையில்தான் களத்தில் இறங்க முடிந்தது.

இந்த மூன்று நாட்களில் பெரிய தவறைச் செய்தது தொலைக்காட்சி. கமாண்டோக்கள் நாரிமன் இல்லத்தின் கூரையில் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வழியே இறங்குவதுவரை நேரலையில் காட்டினார்கள். கராச்சியில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே, உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் வழிகாட்டினார்கள். அந்த உரையாடல்களை மும்பை போலீசார் இடைமறித்துப் பதிவுசெய்ததால்தான் இது வெளியே தெரிந்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இதற்காகச் செய்தி அலைவரிசைகளைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் கேபிள் டிவி விதிகள் திருத்தப்பட்டன: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கையை நேரலையாகக் காட்டக் கூடாது, அது முடியும்வரை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் ஒளிபரப்பலாம். கையில் செல்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று ஓர் அலைவரிசைதான் என்பதால், இந்த விதியின் நியாயம் நமக்கும் பொருந்தும். படை நகர்வு, கட்டடத்தின் எந்த மாடி, எந்த வாசல் என்று தெரியும் எந்தப் படத்தையும் முதல் 72 மணி நேரத்தில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

இன்னொன்று நடந்தது, அது இன்னும் ஆபத்தானது. நவம்பர் 28 இரவு பாகிஸ்தான் அதிபர் ஆசிஃப் அலி சர்தாரிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனது. பேசியவர் தன்னை இந்திய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி என்று சொல்லிக்கொண்டு, உடனே நடவடிக்கை எடுக்காவிட்டால் ராணுவத் தாக்குதல் வரும் என்று மிரட்டினார். பாகிஸ்தான் விமானப்படை உச்சகட்ட உஷார் நிலைக்குப் போனது. பிரணாப் அப்படி யாருக்கும் பேசவே இல்லை. ஒரு போலி அழைப்பு, இரண்டு அணுஆயுத நாடுகள், நடுவே ஓர் இரவு. அந்த இரவில் இந்தியப் படைகளும் எல்லையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தால், மிரட்டல் உண்மைதான் என்பதற்கு அதுவே சாட்சியாகியிருக்கும். இந்தியத் தரப்பில் படைநகர்வு இல்லாததால்தான், பொய் என்று தெரிந்துகொள்ள ஒருநாள் அவகாசம் கிடைத்தது.

மேசைமீது இருந்த கணக்கு

அப்போதைய வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், கண்ணுக்குத் தெரியும்படியான உடனடிப் பதிலடி வேண்டும் என்று முதலில் வாதிட்டவர். பின்னாளில் அதை அவரே எழுதியிருக்கிறார். தாக்காமல் இருந்த முடிவுதான் சரி என்று பிறகு தனக்குத் தோன்றியதையும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் காரணங்களை ராணுவக் கணக்காகவே படிக்கலாம்.

முகாம்களைக் குண்டுவீசி அழிக்கலாம் என்றால், அழியப்போவது சில கொட்டகைகள். அவற்றை எளிதில் திரும்பக் கட்டிவிடலாம். பாகிஸ்தானில் தேர்தல் முடிந்து அப்போதுதான் வந்திருந்த சிவில் அரசு பலவீனமாக இருந்தது. குண்டு விழுந்தால் நாடு முழுக்க ராணுவத்தின் பின்னால் அணிதிரளும், தாக்குதலை ஏவியவர்களுக்கு அதைவிட நல்ல பரிசு இல்லை. உலகம் அதுவரை மும்பையைப் பாதிக்கப்பட்ட நகரமாகப் பார்த்தது. முதல் விமானம் எல்லை தாண்டியதும் அது “இந்தியா-பாகிஸ்தான் தகராறு” ஆகிவிடும், இரு தரப்பும் அமைதி காக்கட்டும் என்ற வழக்கமான அறிக்கைகள் வரும். உலக நிதி நெருக்கடியின் நடுவே போர்ச்செலவு வேறு.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஓர் அனுபவமும் இருந்தது. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும் ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்ற பெயரில் ஏறக்குறைய 5 லட்சம் வீரர்கள் எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். உள்நாட்டில் இருந்த தாக்குதல் படைப்பிரிவுகள் முழுமையாகப் போய்ச்சேரவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. அதற்குள் 2002 ஜனவரி 12 அன்று பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் தொலைக்காட்சியில் தோன்றி லஷ்கர்-இ-தொய்பாவையும் ஜெய்ஷ்-இ-முகமதுவையும் தடைசெய்வதாக அறிவித்தார். உலக நெருக்கடி இந்தியாமீது திரும்பியது. படை பத்து மாதம் அங்கேயே நின்றது. ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு எல்லையில் விவசாய நிலங்களில் லட்சக்கணக்கில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. புதைக்கும்போதும் எடுக்கும்போதும் வீரர்கள் செத்தார்கள், அந்த நிலங்களில் பயிரேற்ற முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள். ஒரு போரும் நடக்கவில்லை. ஆனாலும் படைத்தரப்பில் 798 பேரை இழந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2002 அக்டோபரில் படைகள் திரும்பின. தடைசெய்யப்பட்ட லஷ்கர், ஜமாத்-உத்-தவா என்ற பெயரில் வேலையைத் தொடர்ந்தது. அதே இயக்கம்தான் ஆறு ஆண்டு கழித்து மும்பைக்குப் படகு அனுப்பியது.

பராக்ரமின் இன்னொரு விளைவை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆப்கானிஸ்தானின் தோராபோரா மலைகளிலிருந்து அல் கொய்தாவினர் தப்பிக்கொண்டிருந்த அதே நாட்களில் பாகிஸ்தான் தன் படைகளைக் கிழக்குப் பக்கம் திருப்பியது. 2008 டிசம்பரிலும் போர் வரும் என்ற பயத்தில் மேற்கு எல்லையிலிருந்து சில படைப்பிரிவுகளை அது நகர்த்தியது. போர்ப்பதற்றம் ஏறும்போதெல்லாம் ஆயுதக் குழுக்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

அமெரிக்காவின் கணக்கும் அப்போது கண்முன் இருந்தது. 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்றாம் நாள், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 420-க்கு 1 என்ற கணக்கில் போர் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. எதிர்த்த ஒரே ஒருவர் கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. சற்று நிதானிப்போம், இது கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வோம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது. அவர் எதிர்த்த தீர்மானத்தின் மையப் பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள். எந்த நாடு என்று பெயர் இல்லை, எப்போது முடியும் என்று தேதியும் இல்லை. ஏழாண்டு கழித்து மும்பை தாக்கப்பட்டபோது அந்தப் போர் ஆப்கானிஸ்தானில் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அது 20 ஆண்டு நீடித்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் மீண்டும் காபூலுக்குள் வந்தது.

ஆதாரம் சேர்ப்பது எப்படி நடந்தது

கோபத்தைத் தள்ளிவைத்தால் என்ன வேலை நடக்கும் என்பதற்கு அந்தக் குளிர்கால விசாரணையே விடை.

பத்துப் பேரும் கராச்சியிலிருந்து கிளம்பி, வழியில் போர்பந்தரின் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றினார்கள். அதிலிருந்த மீனவர்களைக் கொன்றார்கள். மும்பையை நெருங்கியதும் ரப்பர் படகில் இறங்கி கொலாபாவின் மீனவர் குடியிருப்புக்கு வந்தார்கள். குபேரில் ஒரு ஜிபிஎஸ் கருவி கிடைத்தது. வந்த பாதை அதில் இருந்தது. ரப்பர் படகின் யமஹா எஞ்சினில் பொறித்திருந்த வரிசை எண்ணை அழித்திருந்தார்கள். அந்த எஞ்சினின் தடம் கராச்சிக் கடைவரை போனது. கராச்சியிலிருந்து வழிகாட்டியவர்கள் இணையவழித் தொலைபேசிக் கணக்கு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அந்த நிறுவனம் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருந்தது. அதற்கான கட்டணம், 250 டாலருக்கும் குறைவு, இத்தாலியின் ப்ரெஷா நகரத்திலிருந்து தாக்குதலுக்கு முந்தைய நாள் கட்டப்பட்டிருந்தது.

பாகிஸ்தான், அமெரிக்கா, இத்தாலி என்று மூன்று நாடுகளில் சிதறிக் கிடந்த இந்தத் துண்டுகளை இந்திய போலீஸ் தனியாகப் பொறுக்கியிருக்க முடியாது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரிகள் மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். தாக்கப்பட்டவர்களில் அமெரிக்கர், இஸ்ரேலியர் எனப் பல நாட்டார் இருந்ததும் உதவியது. ஆனால் அந்த ஒத்துழைப்பு தொடர்ந்து நீடித்ததற்குக் காரணம், இந்தியா கொலைவழக்கு நடத்தும் நாடாக நின்றதுதான். போரில் ஒரு பக்கமாக நின்றிருந்தால் ஒவ்வொரு நாடும் தன் நிலைப்பாட்டை முதலில் யோசித்திருக்கும்.

2008 டிசம்பர் 10 அன்று ஐநா பாதுகாப்பு அவையின் தடைக்குழு ஜமாத்-உத்-தவாவையும் அதன் தலைவர் ஹஃபீஸ் சயீத், லஷ்கர் தளபதி ஜகியுர் ரஹ்மான் லக்வி உள்ளிட்டோரையும் பட்டியலில் சேர்த்தது. முன்பு இதற்குத் தடைபோட்டு வந்த சீனா இந்த முறை தடுக்கவில்லை. 2009 ஜனவரி 5 அன்று 69 பக்கக் கோப்பு ஒன்றை இந்தியா பாகிஸ்தான் தூதரிடம் கொடுத்தது. மற்ற நாடுகளுக்கும் அளித்தது. பிப்ரவரி 12 அன்று பாகிஸ்தான் உள்துறைப் பொறுப்பாளர் ரஹ்மான் மாலிக், சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் நடந்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். கூடவே 30 கேள்விகள் அனுப்பினார்கள். மார்ச் மாதம் இந்தியா பதில் கொடுத்தது. இழுத்தடிக்கத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்கள்; எழுதாமல் விட்டிருந்தால் “இந்தியா ஆதாரம் தரவில்லை” என்ற ஒரே வரி அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

கொலைகாரனுக்கும் வக்கீல்

கசாபுக்காக ஆஜராக மாட்டோம் என்று மும்பையில் வழக்கறிஞர் சங்கம் ஒன்று தீர்மானம் போட்டது. ஆஜராக ஒப்புக்கொண்ட பெண் வழக்கறிஞர் வீட்டில் கல்லெறிந்தார்கள். ஆனாலும் நீதிமன்றம் வழக்கறிஞரை நியமித்தே வழக்கை நடத்தியது. உச்ச நீதிமன்றத்திலும் அவனுக்காக வாதாட ராஜு ராமச்சந்திரனை நியமித்தது. இதற்கு நடுவே, 2010 டிசம்பரில், கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. கோவை வழக்கறிஞர்கள் சில போலீசாருக்காக ஆஜராகக் கூடாது என்று போட்ட தீர்மானம் தொடர்பானது அது. இன்னாருக்கு வாதாட மாட்டோம் என்று சங்கங்கள் தீர்மானம் போடுவது அரசியல் சட்டத்துக்கும் தொழில் நெறிக்கும் எதிரானது, அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று நீதிமன்றம் அதில் சொன்னது. தமிழ்நாட்டில் இன்றும் ஏதாவது ஒரு கொடூர வழக்கு வந்தால் வழக்கறிஞர் சங்கங்கள் இதே தவறைச் செய்கின்றன. அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்ட வேண்டிய இடம் அது.

ஆர்தர் ரோடு சிறைக்குள் அமைந்த தனி நீதிமன்றத்தில் நீதிபதி எம்.எல். தஹலியானி விசாரித்தார். 11,000 பக்கத்துக்கும் மேற்பட்ட குற்றப்பத்திரிகை, 600-க்கும் மேற்பட்ட சாட்சிகள். 2010 மே 3 அன்று கசாப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில், தாக்குதல் இடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்கள் விடுதலையானார்கள். அந்த வரைபடம் செத்த பயங்கரவாதியின் கால்சட்டைப் பையில் கிடைத்ததாக அரசுத் தரப்பு சொன்னது. கால்சட்டை ரத்தத்தில் நனைந்திருந்தது. காகிதத்தில் ஒரு கறைகூட இல்லை. நீதிபதி அதை நம்ப மறுத்தார். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அந்த விடுதலையை உறுதிசெய்தன.

நாடே கொதித்திருந்த ஒரு வழக்கில், கறைபடாத ஒரு தாளை வைத்து இரண்டு முஸ்லிம் இளைஞர்களை விடுவிக்க ஒரு நீதிபதியால் முடிந்தது. தாக்குதலுக்குப் பின் ஒரு நாடு இரக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறதா என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கஷ்டம். கசாப் 2012 நவம்பர் 21 அன்று புனே எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான். தூக்குத் தண்டனை தேவையா என்பது தனியே பேச வேண்டிய விஷயம்.

தெருவில் நடந்தது

சிஎஸ்டி நிலையத்தில் சுடப்பட்டவர்களில் பலர் முஸ்லிம்கள். ஊருக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்தவர்கள். செத்த ஒன்பது தாக்குதல்காரர்களின் உடல்களைத் தங்கள் மண்ணில் புதைக்க விடமாட்டோம் என்று மும்பையின் பெரிய முஸ்லிம் அடக்கத்தல அறக்கட்டளை அறிவித்தது. உடல்கள் ஓராண்டுக்கும் மேலாக ஜே.ஜே. மருத்துவமனைப் பிணவறையில் கிடந்து, 2010 ஜனவரியில் ரகசியமாகப் புதைக்கப்பட்டன. தாக்குதல் முடிந்த சில நாட்களில் வந்த பக்ரீத்தில் பலர் கறுப்புப் பட்டை அணிந்து தொழுதார்கள். 1992-93 கலவரங்களைப் பார்த்த நகரம் அது. இந்த முறை கலவரம் வெடிக்கவில்லை.

இது எல்லா நாட்டிலும் தானாக நடப்பதில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் எஃப்பிஐ பதிவுசெய்த முஸ்லிம் வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 28, 2001-இல் 481. செப்டம்பர் 15 அன்று அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் நிலையம் வைத்திருந்த சீக்கியர் ஒருவர், தலைப்பாகையையும் தாடியையும் பார்த்து அரபு என்று நினைத்தவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின், பழிவாங்காதீர்கள் என்று கர்தினால் மால்கம் ரஞ்சித் முதல் நாளிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தார். ஆனாலும் மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த நெருப்பால் எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது 2023 ஜனவரியில்: முன்கூட்டியே கிடைத்த உளவுத் தகவலைக் கண்டுகொள்ளாததற்காக, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரக்கத்துக்கு ஓர் அலுவலகப் பக்கமும் உண்டு. இந்தியாவில் பயங்கரவாதத்தில் இறந்த, நிரந்தர ஊனமுற்ற பொதுமக்களின் குடும்பத்துக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் 2008 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலில் 3 லட்சம் ரூபாய், 2016-இல் 5 லட்சமாக உயர்ந்தது. பணம் கையில் தரப்படாது; வங்கியில் மூன்றாண்டு வைப்பாகப் போட்டு, வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் ஏறும். மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பிகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்து சிஎஸ்டியில் செத்தவரின் குடும்பத்துக்கு, மும்பையில் இறப்புச் சான்று வாங்கி, ஊரில் வாரிசுச் சான்று வாங்கி, இரண்டையும் சேர்த்து ஓர் அலுவலகத்தில் ஒப்படைப்பது சின்ன வேலை இல்லை. தாஜ் ஓட்டலின் புகையைக் காட்டிய அளவுக்கு இந்தக் குடும்பங்களைத் தொலைக்காட்சிகள் காட்டவில்லை. தாக்குதலுக்குப் பின் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவிப்பவர்கள் செய்யக்கூடிய முதல் காரியம், தங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால் அவர்களோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போவது.

நிதானம் தவறிய இடங்களும், பலன் தாமதித்த இடங்களும்

எல்லைக்கு அப்பால் காட்டிய பொறுமையைச் சட்டம் இயற்றுவதில் இந்தியா காட்டவில்லை. உள்துறை அமைச்சராக ப. சிதம்பரம் பொறுப்பேற்ற இரண்டே வாரத்தில், டிசம்பர் 16 முதல் 18-க்குள், தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) சட்டமும், ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் திருத்தமும் இரு அவைகளிலும் நிறைவேறின. என்ஐஏ தேவைப்பட்ட அமைப்புதான். ஊபா திருத்தமோ, குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாள்வரை சிறைவைக்கவும், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோலத் தெரிந்தாலே ஜாமீனை மறுக்கவும் வழிசெய்தது. தஹலியானி கண்டுபிடித்ததைப் போன்ற கறைபடாத காகிதங்கள் எத்தனை வழக்குகளில் இருக்கின்றன என்று விசாரணை முடிந்தால்தான் தெரியும். அதுவரை உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். துக்கத்தின் முதல் மாதத்தில் எழுதும் சட்டத்துக்குக் காலாவதித் தேதி ஒன்று போட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

உருப்படியாக நடந்தவையும் உண்டு. 2009-இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் கறுப்புப் பூனைப் படையின் பிராந்திய மையங்கள் வந்தன. கடலோரக் காவல் நிலையங்கள் பெருகின, மீனவர்களுக்கு அடையாள அட்டைகள் வந்தன. மும்பையில் விட்ட ஓட்டைகளை அடைக்கும் வேலைகள் இவை. எந்த எல்லையையும் தாண்டாமல் செய்ய முடிந்தவை.

வழக்கு மெதுவாகத்தான் நகர்ந்தது. மும்பையை உளவு பார்த்துக்கொடுத்த டேவிட் ஹெட்லி 2009 அக்டோபரில் சிகாகோவில் பிடிபட்டு, பின்னர் 35 ஆண்டு தண்டனை பெற்றான். 2016-இல் காணொலி வழியே மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். கராச்சிக் கட்டுப்பாட்டு அறையில் இருந்ததாகச் சொல்லப்படும் அபு ஜுண்டாலை 2012 ஜூனில் சவூதி அரேபியா இந்தியாவிடம் ஒப்படைத்தது. பாகிஸ்தானுக்கு நெருங்கிய நாடு, பாகிஸ்தானின் ஆட்சேபத்தையும் மீறி ஒப்படைத்தது. ஹெட்லியின் கூட்டாளி தஹாவூர் ராணா 2025 ஏப்ரல் 10 அன்று டெல்லி கொண்டுவரப்பட்டார்.

பாகிஸ்தானில் நடந்த வழக்கு தோல்விதான், மறைக்க வேண்டியதில்லை. ராவல்பிண்டி நீதிமன்றத்தில் ஏழு பேர்மீது வழக்கு போட்டார்கள். அரசு வழக்கறிஞர் சௌத்ரி சுல்ஃபிகார் அலி 2013 மே மாதம் இஸ்லாமாபாத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்வி 2015-இல் வெளியே வந்தார். ஹஃபீஸ் சயீத் தண்டிக்கப்பட்டதெல்லாம் 2020-இலிருந்துதான், அதுவும் பயங்கரவாதத்துக்குப் பணம் திரட்டிய வழக்குகளில். சர்வதேச நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2018 முதல் 2022 வரை பாகிஸ்தானைத் தீவிரக் கண்காணிப்புக்கான ‘சாம்பல் பட்டியலில்’ வைத்திருந்த நெருக்கடிதான் அதற்குப் பின்னணி. 166 உயிருக்கு இது போதாது.

தாக்கியிருந்தால் கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கும் இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. 2016-இலும் 2019-இலும் இந்தியா எல்லை தாண்டித் தாக்கியது. 2019 பிப்ரவரி 27 அன்று, பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்தியா குண்டுவீசியதற்கு மறுநாள் பதற்றத்தில், ஸ்ரீநகர் தளத்திலிருந்து சுடப்பட்ட இந்திய ஏவுகணையே காஷ்மீரின் பட்காமில் இந்தியாவின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் ஆறு பேரும் கீழே நின்ற ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். அது பெரிய தவறு என்று விமானப்படைத் தலைமைத் தளபதி அந்த அக்டோபரில் ஒப்புக்கொண்டார். எல்லை தாண்டிய அந்தத் தாக்குதல்கள், காஷ்மீரின் பெஹல்காமில் பின்னர் நடந்த படுகொலையைத் தடுக்கவில்லை.

ராணா டெல்லி வந்திறங்கி பன்னிரண்டாம் நாள், 2025 ஏப்ரல் 22 அன்று பெஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் ஒருவர் குதிரை ஓட்டி வாழ்ந்த உள்ளூர் முஸ்லிம். திருமணமாகி ஒரு வாரத்தில் கணவரை இழந்த பெண் ஒருவர், மே 1 அன்று கணவரின் பிறந்தநாளுக்காகக் கர்னாலில் நடந்த ரத்ததான முகாமில் பேசினார். முஸ்லிம்கள்மீதும் காஷ்மீரிகள்மீதும் வெறுப்பு வேண்டாம், அமைதி வேண்டும், குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்றார். அவர் கேட்டதில் நீதியும் இருந்தது, இரக்கமும் இருந்தது. அதற்காக அவரைச் சமூக ஊடகங்களில் ஏசித் தீர்த்தார்கள். தேசிய மகளிர் ஆணையம் குறுக்கிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது.

மே 7 அதிகாலை இந்தியா பாகிஸ்தானில் தாக்கியது. மறுபக்கத்திலிருந்து ஜம்மு எல்லையோரப் பூஞ்ச் நகரத்தின்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்தன. செத்தவர்களில் பள்ளிக் குழந்தைகள் இருந்தார்கள். மதரசா ஆசிரியர் ஒருவரும் இருந்தார். சில செய்தி அலைவரிசைகள் அவர் படத்தைப் போட்டு, இந்தியத் தாக்குதலில் கொல்லப்பட்ட பயங்கரவாதி என்று சொல்லின. குண்டில் செத்த உள்ளூர்க்காரர், எந்த இயக்கத்தோடும் தொடர்பில்லாதவர் என்று பூஞ்ச் போலீஸ் மறுப்பு வெளியிட்டது. ஜூன் கடைசியில் பூஞ்ச் நீதிமன்றம் அந்த அலைவரிசைகள்மீது வழக்குப் பதியச் சொன்னது.